பேரை மாற்ற மாட்டேன்

மூணாறு,
9-7-1953

அன்புள்ள அத்தானுக்கு, வடிவு வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? இங்கே ஓயாத மழை. நேற்று வகுப்பில் பாடம் நடத்தும்போது என் காலில் அட்டை ஏறியதைப் பார்த்து எஸ்டேட் பிள்ளைகள் சிரித்தார்கள். வேறொன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

இனி என் கோபத்தைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் நம் மகள் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "அம்மா, எம் பேர மாத்து. பிள்ளை பிடிக்க இசக்கி வாறாண்ணு எல்லாப் பிள்ளையளும் என்னக் கண்டு ஓடுதுவ."

சோறு தின்னாவிட்டால் இசக்கி தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று அவளை மிரட்டியது நீங்கள். இசக்கியம்மாள் என்று பேர் வைத்ததும் நீங்கள்தான். ஏழு வருடம் பிள்ளையில்லாமல் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் மரத்தொட்டில் கட்டினோமே, மறந்து போயிற்றா?

கதை சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். தன்னை நம்பி மடியில் தலைவைத்து உறங்கியவளை நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொன்றான் ஒருவன். அவனிடம் நியாயம் கேட்கத்தான் அவள் இசக்கியாக வந்தாள். அந்தக் கொலைகாரனைச் சொல்லிப் பயங்காட்ட உங்களுக்குத் தோன்றவில்லையே!

வருகிற செவ்வாய்க்கிழமை அவளை முப்பந்தலுக்குக் கூட்டிப் போங்கள். இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற அம்மனைக் காட்டி, "ஒன்னத் தூக்கிட்டுப் போறவ இல்ல மக்கா, தூக்கித் தந்தவ" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

தபால் பை கட்டுகிறார்கள். கருப்பட்டியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்புங்கள். கூடவே அவளுடைய பழைய பாவாடை ஒன்றும் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

வடிவு