நான் அடித்துவிட்ட ஆறாம் நாள்

என் அருமை மச்சான் அருளுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் முடியப்போகிறது. ஒரகடம் ரோட்டு டீக்கடைக்காரர் இன்னும் என்னைப் பார்த்ததும் "ரெண்டு டீயா" என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறார். ஸ்டெல்லா நன்றாக இருக்கிறாள். நீங்கள் இருந்த தெருவை விட்டு வரமாட்டேன் என்கிறாள். என் தங்கைக்கு இந்தப் பிடிவாதம் உன்னிடமிருந்து ஒட்டியதா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறாம் நாள் அளவு சரிதான். தப்பு என்னுடையது.

தொழிற்சாலைக் கழிவுநீர்க் குட்டையிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் உங்கள் தெருக் கிணற்றை எப்போது எட்டும் என்று நான் கம்ப்யூட்டரில் மாடல் போட்டேன். அதைச் சோதிக்க, குட்டைக்கரையில் உப்புக் கரைசலை ஊற்றி, கிணற்றுக்குப் போகும் வழியில் மூன்று குழாய் இறக்கினோம். தினமும் அதில் தண்ணீர் எடுத்து வந்தவன் நீ. மூன்றாம் குழாய்க்கு உப்பு வர நாற்பது நாளாகும் என்றது மாடல். ஆறாம் நாளே வந்துவிட்டது என்றது உன் பாட்டில்.

பாட்டிலைக் கழுவாமல் பிடித்திருக்கிறாய் என்று லேபில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"மூணு தபா கழுவிட்டுத்தான் புட்ச்சேன் மச்சான். மண்ணு அப்டி கீது, நா இன்னா பண்ண?" என்றாய்.

மறுநாள் கோடை மழை. அதற்கப்புறம் எடுத்த தண்ணீரில் உப்பு இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. உன் எண்ணை அடித்துவிட்டு, கிணற்றுக்குப் பல வருஷம் ஆபத்தில்லை என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இந்தக் கோடையில் அதே இடத்தில் மறுபடி ஊற்றினோம், இந்த முறை நீலச் சாயமும் கலந்து. பாட்டிலை நானே கழுவி நானே பிடித்தேன். ஐந்தாம் நாளே உப்பு வந்துவிட்டது. நேற்று பள்ளம் வெட்டிப் பார்த்தோம். களிமண் வெடிப்புகள் வழியாக நீலம் நேரே இறங்கி, அடியிலிருந்த மணலில் ஓடியிருந்தது. மழை பெய்தால் அந்த வெடிப்பு மூடிக்கொள்ளும். மாடலில் நான் மண்ணைச் சலித்த மாவு மாதிரி எழுதி வைத்திருந்தேன். ஏரி மண் வெயிலில் வெடிக்கும் என்று தெரியாதவனா நான்?

காலையில் ஸ்டெல்லாவிடம் ஓடி, கிணற்றுத் தண்ணீரைத் தொடாதே என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"அவரு அன்னிக்கே சொல்லிட்டாருண்ணா. அதுலேர்ந்து நம்ம வூட்ல கேன் தண்ணிதான். உனுக்குக் குடுத்ததும் அதான். உன் மனசு சங்கடப்படும், உன்னாண்ட சொல்லாதன்னாரு."

"தெருவுல யார்கிட்டயும் சொல்லலியா?"

"வூடு வூடா போயி சொன்னாரே. படிச்ச உன் மச்சானே கையெழுத்துப் போட்டுக்கிறாரு, அவருக்குத் தெரியாததா உனுக்குத் தெரியும்னு அனுப்பிட்டாங்க."

மச்சான், அந்த வீடுகளில் இன்று காலை வரைக்கும் என்னை நம்பித்தான் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். என்னிடம் நீ ஒரு சண்டையாவது போட்டிருக்கக் கூடாதா?

காலையிலேயே கிணற்றை மூடச் சொல்லி, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. உன் ஆறாம் நாளைப் புது ரிப்போர்ட்டில் சேர்த்துவிடுவேன். அதற்கு முன்னால், இதை மடித்து வைத்துவிட்டு, நீ போன வீடுகளுக்கெல்லாம் போகிறேன். அருள் சொன்னதுதான் சரி, நான் போட்ட கையெழுத்து தப்பு என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்வேன். திட்டுவார்கள். உன்னிடம் வாங்காததையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்.

ஸ்டெல்லாவின் அண்ணன்,
உன் மச்சான்