ஒரு கூவலுக்குப் பதில்

என் வீட்டுக்காரருக்குக் கும்பிட்டு எழுதுறேன்.

போன் போட்டா எடுக்க மாட்டேங்குறீங்க. அதான் ஜீப்புக்கார சுருளிவேல்கிட்ட இதைக் கொடுத்து விடுறேன். வெரசாப் படிங்க.

நாளைக்கு நம்ம பேத்தி முனீஸ்வரி, மதுரைப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலையேறி வர்றா. நீங்க காவல் இருக்கிற ஏலத்தோட்டம் வழியாத்தான் பாதை. பாங்கு வேலையை விட்டுட்டு ஊராரை மலையேத்திக் கூட்டிப் போற இந்தச் சோலிக்குப் போனவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு பொங்கலன்னைக்குச் சொன்னீங்க. சரி. ஆனா அவ இடுப்புல கயித்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆளுகளைப் பாறையில இறக்கி விடுறதைப் போன வாரம் நான் நேர்ல பார்த்தேன். பட்டணத்து ஆம்பளைக எல்லாம், "அக்கா, விட்டுறாதீங்க"ன்னு அவகிட்டத்தான் கத்துறாங்க. எனக்குப் பெருமை தாங்கல. "நாங்க மூட்டை தூக்கி ஏறின மலைக்கு, இவங்க காசு கொடுத்து ஏறுறாங்களாடி?"ன்னேன். "உனக்குன்னா பாதிக் காசு, அப்பத்தா"ங்கிறா!

காலையில இருந்து ஒரு வேலையும் ஓடல. உலையை வச்சுட்டு அரிசி போட மறந்துட்டேன். போடியில இருந்து பார்த்தா மலையே தெரியல, அம்புட்டு மஞ்சு.

உங்க கொட்டாய்க்கு முந்தின வளைவுல நின்னு அவ கூவுவா. உள்ள இருக்கவங்க பதிலுக்குக் கூவாம யாரும் கிட்ட வர்றதில்லைங்கிறது தோட்டத்து வழக்கம். நீங்க சும்மா இருந்தா, அவ அத்தனை பேரையும் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவா. அப்புறம் நம்ம வீட்டு வாசப்படியும் மிதிக்க மாட்டா. உங்க ரோசம்தான் அவளுக்கும்.

அதனால பதில் கொடுத்துருங்க. தாத்தாதான் உன்னை வரச் சொன்னாருன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். கேட்டதும் அழுதுட்டா.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி