டவர் காலில் தொங்காத துண்டு

மாப்ளே,

நேற்று உன் மகள் உன் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். துவைத்துத்தான் வைத்திருந்தாள், ஆனாலும் யூகலிப்டஸ் தைல வாசம் போகவில்லை. தலைவலி இருக்கிறதோ இல்லையோ, தினமும் இரண்டு சொட்டு துண்டில் விட்டுக்கொள்கிறவன் நீ. முகர்ந்ததும் அதைத் தள்ளி வைத்துவிட்டேன். ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கரண்ட் கொண்டுபோகும் பெரிய லைனில் நாம் வேலை பார்த்தோம். பத்து நிமிடம் கரண்ட் நின்றாலும் ஊர் நம்மைத்தான் திட்டும். “ஏலே, கரண்டென்ன உருளைக்கிழங்கா, ஒட்டன்சத்திரத்துல மூட்டையா அடுக்கி வைக்க? அங்க ஓடுனாத்தான் இங்க எரியும்” என்பாய். எங்கோ அணையில் விழுகிற தண்ணீர் அந்த நொடியே இங்கே ஆஸ்பத்திரி விளக்கில் எரிந்தாக வேண்டும். நடுவழியில் கம்பியைத் தாங்கும் ஒரு பீங்கான் வெடித்தால் போதும், மலை முழுக்க இருட்டு.

பள்ளங்கிச் சரிவில் அன்று நாம் மாற்றியதும் அப்படி வெடித்த பீங்கானைத்தான். மேகம் இறங்கினால் டவர் உச்சி தெரியாது. அதனால் நமக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஏறுகிறவன் துண்டை டவர் காலில் கட்டிவிட்டு ஏறுவான், இறங்கியதும் அவனே அவிழ்ப்பான். துண்டு தொங்கினால் மேலே ஆள் உண்டு. கரண்டை நிறுத்தி ‘லைன் கிளியர்’ வாங்கியவன் நான், வேலை முடிந்ததென்று திருப்பிக் கொடுக்க வேண்டியவனும் நானே.

நீ மேலே ஏறியபின், குளிர் தாங்காமல் டவர் காலிலிருந்து உன் துண்டை அவிழ்த்துத் தலையில் சுற்றிக்கொண்டேன். புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. உன்னோடு ஏறிய மற்ற இருவரும் இறங்கி, தங்கள் துண்டுகளை எடுத்துக்கொண்டு, பாதுகாப்புக்கு மாட்டியிருந்த எர்த் கம்பியைக் கழற்ற அடுத்த டவருக்குப் போனார்கள். டவர் காலைப் பார்த்தேன். ஒரு துண்டும் இல்லை. ரோட்டோரக் கொட்டகையில் இருந்த போனுக்கு ஓடி, கரண்டை நிறுத்தி வைத்திருந்த சப்ஸ்டேஷனைக் கூப்பிட்டேன்.

“வெரசா சொல்லுப்பா, எல்லாரும் எறங்கியாச்சா? லைன விடலாமா?”

‘ஆச்சு’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தைலம் மூக்கில் ஏறியது.

“விட்றாதீங்க! ஒருத்தன் மேல இருக்கான்!”

கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு நீ இறங்கி வந்தாய். டவர் காலைப் பார்த்தாய், பிறகு என் தலையைப் பார்த்தாய். “ஏலே, குளிருக்கு எதமா இருக்கா?” என்று மட்டும் கேட்டாய். நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாகும்வரை நீ அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து, கல்யாண வீட்டு வண்டியானாலும் முகம் முகமாக எண்ணாமல் நான் கிளம்பவிட்டதில்லை. போன வாரம் உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது வேன் டிரைவர் கேட்டார், “எல்லாரும் வந்தாச்சா?”

“ஆச்சு” என்றார்கள். என்னால் சொல்ல முடியவில்லை, மாப்ளே.