தாழ்ப்பாள் என்னிடம் இருக்கிறது

செல்லத்தாய் அப்பாவுக்கு,

எழுமலைப் பெரியம்மா தவறிவிட்டார்களாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சோறு உறியில் இருக்கிறது.

அங்கே பெண்கள் கட்டிப்பிடித்து அழும்போது நான் உங்களை நினைத்துத்தான் அழுவேன். உயிரோடு இருப்பவருக்காக வீட்டில் அழக்கூடாதே. கூடி அழுதால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

சாயங்காலம் பேயாண்டி அண்ணன் உங்களைக் கூட்டிப்போக வருவார். உங்களைப்போல் பர்மாச் சண்டையிலிருந்து திரும்பியவர்கள் தல்லாகுளத்தில் கூடிப் பேசுகிறார்கள். "பேசுன பெறகுதான் தங்கச்சி, கண்ணு அசருது" என்றார். நீங்கள் பேசவேண்டாம், சும்மா உட்கார்ந்திருங்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்னக்கொடி

போன தடவைபோல் அவர் தட்டத் தட்ட உள்ளே பூட்டிக்கொள்ள முடியாது. தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துப் போகிறேன். கோபம் வந்தால், நாளை நான் வந்ததும் வாய்விட்டுத் திட்டுங்கள். உங்கள் குரலைக் கேட்டு நாளாகிறது.