கதவு தானாகத் திறக்கவில்லை, அக்கா

கோபத்திலும் என்னைத் தம்பி என்றே கூப்பிட்ட அக்காவுக்கு,

நேற்று உன் கருமாதி முடிந்தது. போலகத்தில், உன் புகுந்த வீட்டில். சாம்பாரில் உப்பு கம்மி என்று பெரியப்பா பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ இருந்திருந்தால் சிரிப்பு தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியிருப்பாய்.

எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். விதி.

உன் புருஷனும் அதைத்தான் சொன்னார். "வண்டிக் கோளாறு. கதவு தானா தொறந்துகிச்சு. அவ விதி." போலீஸ் ஸ்டேஷனிலும் கதவு தானாகத் திறந்ததாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

விதி என்றால் தமிழில் இரண்டு பொருள்: சட்டம், தலையெழுத்து. ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டு, மற்றதன்மேல் பழியைப் போடுகிறார்.

பொங்கல் முடிந்து நீங்கள் கோவில்பத்துக்கு, நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளை நினைத்துப் பார். அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துக் காட்டினார். பெல்ட்டே இல்லாத வெறும் கிளிப். சீட்டுக்குப் பக்கத்தில் செருகிவிட்டால், பெல்ட் போட்டாயிற்று என்று நம்பி வண்டி மணி அடிப்பதை நிறுத்திவிடும். வேகம் எடுத்ததும் கதவு தானே பூட்டிக்கொள்ளுமே, அதையும் போனில் வீடியோ பார்த்து நிறுத்திவிட்டேன் என்றார்.

"வண்டி நாம சொல்றத கேக்கணும் மாப்ளே. நாம வண்டி சொல்றத கேக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தார். கார் வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார். நீ ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாய். குனிந்தபடியே அடுத்த இலைக்குப் போனாய்.

பிறகு அந்தச் சாயங்காலம். துறைமுகத்து வேலை முடிந்து, கரித்தூசி படிந்த அதே வண்டியில் வந்து உன்னைக் கோவில்பத்திலிருந்து அழைத்துப்போனார். போலகத்துக்குத் திரும்பும் இடத்தில் மாடு குறுக்கே வந்தது. அவர் வண்டியை ஒடித்தார். வண்டி மதகுச் சுவரில் உரசியது. கதவு திறந்தது. நீ வெளியே விழுந்தாய். பிடித்துக்கொள்ள அவருக்கு ஸ்டியரிங் இருந்தது. உனக்கு?

அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டியில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. கண்ணாடிகூட உடையாத விபத்தில் நீ செத்துப்போனாய்.

கருமாதிக்கு முன் நான் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு காரிலிருந்தும் அந்தக் கிளிப்பைப் பிடுங்கினேன். சித்தப்பா மட்டும் விடவில்லை.

"எதுக்குடா கழட்டுற? ஏற்கெனவே உன் சித்தி ஒருத்தி பக்கத்துல உக்காந்து கத்திக்கிட்டு வர்றா. இதுவும் சேந்து கத்தணுமா?"

உள்ளேயிருந்து சித்தி குரல் வந்தது. "கழட்டிட்டுப் போடா தம்பி. நான் கத்தித்தான் இந்த மனுஷன் கேக்கல. அந்த மணியாவது கத்தட்டும்."

சித்தப்பா தலையைச் சொறிந்தார். நான் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறந்த வீட்டுக் கோடியை அத்தானுக்கு நான்தானே போட வேண்டும். தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு. வேட்டியின்மேல் அந்தக் கிளிப்புகளைக் கொட்டினேன். சபையின் முன்னால் நீட்டினேன்.

"டேய், என்னடா இது தட்டுல?" பெரியப்பாதான்.

"அத்தான் குடுத்தது பெரியப்பா. திருப்பிக் குடுக்குறேன்."

"துக்க வீட்ல என்னடா வெளையாட்டு?"

"வெளையாடுனது நான் இல்ல. கதவுப் பூட்டு என்னாச்சுன்னு அவங்களையே கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளிறிப்போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அந்த முகத்தைப் பார்க்கத்தான் அத்தனை நாளும் தூங்காமல் கிடந்தேன்.

அப்போது அவர் மெதுவாகச் சொன்னார்.

"அவதான் கேட்டா மாப்ளே. அந்தச் சத்தம் தலைய வலிக்குது, நிறுத்துங்கன்னு அவதான் சொன்னா."

கேட்டாயா?

உனக்குத் தலைவலி வரும். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைப்பாய். கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். நேற்றிலிருந்து அந்தச் சாப்பாட்டை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். உன் கை தெரிகிறது. கரண்டி தெரிகிறது. முகம் தெரியவில்லை.

சரி. சத்தம் தலைவலி. பூட்டுக்கு என்ன தலைவலி?

உன்னிடம் இனி யாரும் கேட்க முடியாது. அதனால்தான் உன் பெயரைச் சொல்கிறார். உன்னை ஒருமுறை கீழே போட்டார். இப்போது உன்மேலேயே ஏறி நிற்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "அவனையும் புடிச்சுக் குடுத்துட்டா, அவ பேரச் சொல்லி அழ யாருடா மிச்சம்?"

"நாம ரெண்டு பேரும் இருக்கோமேம்மா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்று காலையும் என்னுடன் பேசவில்லை. உனக்காக அவளைக்கூட இழக்க வேண்டியிருக்குமோ? தெரியவில்லை. பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன். எழுத வரவில்லை.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன். கதவை என்ன செய்தார் என்று அவர் வாயால் கேட்டதை எழுதிக் கொடுப்பேன். உங்க அக்காதான் நிறுத்தச் சொன்னாங்களா என்று கேட்டால், தெரியாது என்பேன். நிறுத்தியது யார் என்று கேட்டால், தெரியும் என்பேன். உன்னை நல்லவளாகக் காட்ட ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன். அவரைக் காப்பாற்ற ஒரு வார்த்தை குறைக்கவும் மாட்டேன்.

நான்தான் செய்தேன் என்று அவர் சொல்லும்வரை விடமாட்டேன். நீ கேட்டிருந்தாலும் விடமாட்டேன், அக்கா.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவன்