என்னை யாரென்று கேட்டார்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாதிச் சுகம் என்று வைத்துக்கொள். சின்னவனுக்குப் பல் முளைத்து, முதல் வேலையாக உன் தோளையே கடித்துவிட்டான் என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சிரித்து நாளாகிவிட்டது. கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருக்கிறது. கதவிடுக்கில் மாட்டியது என்று டாக்டரிடம் சொன்னேன். உனக்கும் அதையே எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

நீ அனுப்பிய பள்ளிச் சான்றிதழ் நகல் கிடைத்தது. எதற்கு என்று கேட்டிருந்தாய். எங்கள் துப்புரவுக் கான்ட்ராக்டர் சம்பளத்தைக் கையில் தருவதில்லை, வங்கிக் கணக்கில்தான் போடுவார். எனக்குக் கணக்கு இல்லாததால் இத்தனை வருடமும் அது உன் அத்தான் கணக்கில்தான் போய் விழுந்தது. சோப்பு வாங்கக் காசு கேட்டால், போன சோப்பு என்ன ஆச்சு என்பார். என் பாஸ்போர்ட் அவர் பெட்டியில், பெட்டிச் சாவி அவர் இடுப்பில். என்னோடு வேலை செய்யும் குள்ளக்காதான் வழி சொன்னாள். நம் தூதரகத்தில் போட்டோ போட்டு ஓர் அடையாள அட்டை தருகிறார்கள், பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் அதை வைத்துக் கணக்கு திறக்கலாம் என்றாள். உன் நகலைக் காட்டி அட்டையை வாங்கிவிட்டேன்.

நான் கூட்டித் துடைக்கும் வங்கிக் கிளைக்கே போனேன். வேறு எங்கே போகத் தோன்றும்? அந்த மேனேஜர் மேசையை நாலு வருடமாகத் துடைக்கிறேன். மனுஷன் மேசையில் உட்கார்ந்தே நகம் வெட்டுவார். வெட்டிய துண்டெல்லாம் கீபோர்டு இடுக்கிலும் காபிக் கறையிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். துணிக்கு வராது, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்.

லீவு போட்டு, நல்ல துணி உடுத்தி, டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேனேஜர் ஈரத்துணியைத் தூக்குவதுபோல அட்டையை நுனியில் பிடித்துப் பார்த்தார். "இது நீதான்னு நான் எப்படி நம்புறது?" என்று கேட்டார். தினமும் உங்க ரூமைக் கூட்டுறவளே நான்தானே சார் என்றேன். "அது வேற, இது வேற. பாஸ்போர்ட் கொண்டு வா, இல்லேன்னா வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்றார். இந்த அட்டை செல்லும் என்று அவர் தலைக்குப் பின்னாலேயே அறிவிப்பு மாட்டியிருந்தது. அதன் கண்ணாடியைத் துடைப்பவளும் நான்தான். கையை நீட்டிக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளைக்கு இஷ்டம் இருந்தால்தான் செல்லுமாம்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நான் படி இறங்குவதற்குள் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, உங்க ஆள் ஏதோ அட்டையைத் தூக்கிட்டு வந்துச்சு, கவனிச்சுக்குங்க என்று சொல்லியிருக்கிறார். கான்ட்ராக்டர் அத்தானிடம் சொல்லியிருக்கிறார். நான் பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் செய்தி வீட்டில் உட்கார்ந்திருந்தது. கதவு, விரல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மறுநாளும் வேலைக்குப் போனேன். கட்டுப் போட்ட கையாலேயே அந்த நகங்களைப் பொறுக்கினேன். குமட்டிக்கொண்டு வந்தது. அவர் உள்ளே வந்து, ஒன்றுமே நடக்காததுபோல குட் மார்னிங் என்றார். நானும் குட் மார்னிங் சார் என்றேன், பல்லைக் காட்டிக்கொண்டு. அவர் மேல் வந்த அருவருப்பைவிட என் இளிப்பின் மேல் வந்த அருவருப்புதான் அதிகம். வாயைப் பினாயில் ஊற்றிக் கழுவலாமா என்றிருந்தது.

குள்ளக்கா விடவில்லை. சந்தைக்குப் பின்னால், மாடியில் இருக்கும் ஒரு சின்ன வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கவுண்டரில் இருந்தவள் சிரிக்கவில்லை, உருகவில்லை. தூதரகத்துக்குப் போன் செய்து அட்டை எண்ணைச் சரிபார்த்தாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். இந்த விரலோடு போட்டது அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. இதுவும் போச்சு என்று எழுந்தே விட்டேன். அவள் என் விரல் கட்டைப் பார்த்தாள். "உக்காருங்கம்மா. பக்கத்துல கைரேகை வெச்சுடுங்க. விரல் ஆறினதும் வந்து கையெழுத்தைச் சரி பண்ணிக்கலாம்" என்றாள். எப்படி அடிபட்டது என்று கேட்கவே இல்லை. அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

இந்த மாதச் சம்பளம் என் கணக்கில் விழுந்தது. கான்ட்ராக்டர் முணுமுணுத்தார். சண்டை போட்டு வேலையையும் மாற்றிக்கொண்டேன். இப்போது ஒரு பல் டாக்டரின் கிளினிக்கைத் துடைக்கிறேன். எச்சில்தான், ஆனால் யாரும் குட் மார்னிங் சொல்லி என்னை இளிக்க வைப்பதில்லை. குள்ளக்கா அறையில் இரண்டாவது கட்டில் என்னுடையது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது.

அத்தான் உனக்குப் போன் செய்வார். அழுவார். நன்றாக அழுவார், நானே ரொம்ப நாள் நம்பினேன் அல்லவா. நீ இளகிவிடாதே. அக்கா எங்கே இருக்கிறாள் என்று தெரியாது என்று சொல்லி வைத்துவிடு. அப்பாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே, நானே பக்குவமாக எழுதுகிறேன்.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இனிமேல் கடிதம் போடும்போது கவரில் என் பெயரை மட்டும் எழுதம்மா. அவர் பெயரைப் பக்கத்தில் சேர்க்காதே.

ஆசிகளுடன்,
உன் அக்கா