மாவுக்கட்டு நுழையும் சட்டை

குட்டிம்மா,

கதவுக் கைப்பிடியில் தொங்குவது உனக்குத்தான். மாவுக்கட்டுக்கு மேல் எந்தச் சட்டையும் ஏறவில்லை, இன்டர்வியூவுக்குப் போகப்போவதில்லை என்று நீ அழுதது கேட்டது. இது ஜப்பான் பாணி. துணியை நாலாக மடித்து, உடம்பையும் கையையும் ஒரே துண்டாக வெட்டினேன். தோளில் தையலே கிடையாது, அதனால் கை பை மாதிரி அகலமாக விழும். உடைந்த கையை முதலில் நுழை. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடியும், பித்தான் இல்லை, இடுப்பில் கட்ட நாடாதான்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நீ விழுந்த பைக்கைப் பற்றி இன்று வாயே திறக்கமாட்டேன்.

அப்பா

பி.கு. நாடாவைப் பின்னால் முடிச்சுப் போட ஒரு கை போதாது. கீழே காரைத் துடைத்துக்கொண்டிருப்பேன். "இனிமே உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று நேற்றுக் கத்தினாயே, முழிக்கவேண்டாம். முதுகைக் காட்டி நில், கட்டிவிடுகிறேன்.